மதியம் பன்னிரண்டு மணிக்கு மரம் சுவாசிக்கிறதா? ஏழாம் வகுப்புக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

வடசென்னை டீச்சர்

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கை முடிந்தது, சுவாசம் முடிந்தது, இரண்டுக்கும் ‘வேறுபாடுகள் தருக’ அட்டவணையும் எழுதியாகிவிட்டது. அட்டவணையில் ஏறக்குறைய எல்லோருக்கும் முழு மதிப்பெண். அதன்பிறகு, பள்ளி வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி, “இப்போது மணி பன்னிரண்டு. இந்த மரம் சுவாசிக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை டீச்சர், ராத்திரியில்தான்” என்று வகுப்பே சேர்ந்து சொன்னது.

ஒரு மாணவி மட்டும் எழுந்து, “பகலில் மரமும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டால் நமக்கு எங்கிருந்து கொடுக்கும்?” என்றாள். அருமையான கேள்வி. விடையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தலையாட்டுவார்கள், பரீட்சைத் தாளில் மறுபடியும் “பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்” என்றுதான் வரும். அவர்களாகவே கண்டுபிடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும்.

எங்களிடம் தனி ஆய்வகம் கிடையாது. ஸ்பிரிட் விளக்கு ஏற்றத் தலைமையாசிரியர் அனுமதிப்பதில்லை. நெருக்கமான வகுப்பறையில் அது நியாயமும்கூட. அடுத்த பாடம் சூழல் மண்டலம். இவற்றை ஒரே கயிற்றில் கட்ட வழி இருந்தால் சொல்லுங்கள்.

பெரம்பூர் ட்யூஷன்

டீச்சர், கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கேள்வித்தாளில் வருவது அந்த அட்டவணைதான். என்னிடம் மாலையில் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், துணிக்கடையில் நிற்கிறார்கள். மரம் பகலில் மூச்சு விடுகிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. மதிப்பெண் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். ஐந்து வேறுபாடுகளைச் சரியாக எழுதுகிற பிள்ளையைப் போய் ஏன் குழப்ப வேண்டும்? பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தால் தானாகத் தெரிந்துகொள்வான்.

மயிலைத் தாத்தா

தானாகத் தெரிந்துகொள்ள மாட்டான், தம்பி. பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான் நான் தாவரவியல் நடத்தினேன். ஏழாம் வகுப்பில் ஊறிய அட்டவணை அங்கேயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஒளி தேவை / ஒளி தேவையில்லை’ என்று இரண்டு பத்தியில் எதிரெதிராக எழுதினால், ஒன்று நடக்கும்போது மற்றது நடக்காது என்றுதான் பிள்ளையின் மனம் படித்துக்கொள்ளும். அட்டவணையின் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்து, மொத்த அட்டவணை மட்டும் பொய் சொல்கிறது.

டீச்சர், நீங்கள் தொடங்க வேண்டிய இடம் ஆக்சிஜன் அல்ல, எடை. ஃபான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு தொட்டியில் உலர்ந்த மண்ணை 200 பவுண்டு எடை போட்டு நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்குமேல் வந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648ல்தான் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி, மீதி எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். “உரம்” என்பார்கள், “மண்ணிலுள்ள சத்து” என்பார்கள். அடுக்ககத்து ஜன்னல்தோறும் பாட்டில் தண்ணீரில் மணிபிளான்ட் நிற்கிறதே, அதற்கு மண்ணே இல்லையே என்று திருப்பிக் கேளுங்கள். காற்றில் சுமார் 0.04 சதவீதமே இருக்கிற கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஒரு மரத்தின் கட்டைக்கான கார்பன் அத்தனையும் வந்தது என்றால் பெரியவர்களே நம்புவதில்லை. பிள்ளைகள் சண்டை போடட்டும். ஒரு பாடவேளை போனால் போகட்டும்.

வேளச்சேரி அப்பா

நான் ஆசிரியர் இல்லை. மகள் எட்டாம் வகுப்பு. படுக்கையறையில் வைத்திருந்த தொட்டிச்செடிகளைப் போன வாரம் பால்கனிக்குத் தள்ளிவிட்டாள். இரவில் அவை கார்பன் டை ஆக்சைடு விடுமாம், நாம் மூச்சுத்திணறுவோமாம். என் அம்மா அதற்கு ஒத்து ஊதுகிறார்: “அதனால்தான் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது, முனி அடிக்கும் என்றார்கள்.” மறுபுறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அரசமரம் இருபத்துநான்கு மணிநேரமும் ஆக்சிஜன் தரும் என்று வாரம் ஒரு முறை வருகிறது. எது உண்மை?

பசுங்கணிகம்

தாவர உடலியங்கியலில் ஆய்வு செய்கிறேன்; ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தொட்டிச்செடி இரவில் சுவாசிப்பது உண்மை, மூச்சுத்திணறல் பொய். ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய ஒரு கிலோ. அறையில் சில தொட்டிச்செடிகள் விடுவது அதன் பக்கத்தில் நிற்காது. செடிக்குப் பயந்து வெளியே தள்ளினால், பக்கத்துக் கட்டிலில் படுக்கும் தம்பியை முதலில் தள்ள வேண்டும். புளியமரத்தடி திறந்தவெளி, அங்கே காற்று தேங்கி நிற்பதே இல்லை. முனிக்கு அறிவியல் சான்றிதழ் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

அரசமரம்: ஒளியில்லாமல் எந்தத் தாவரமும் ஆக்சிஜன் வெளியிடாது. ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் தண்ணீர் பிளவுபடுவதால் வருவது. 1941ல் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்து ரூபன், கேமன் குழுவினர் இதைக் காட்டினார்கள். தண்ணீரைப் பிளக்க ஒளி வேண்டும். எனவே இரவில் எந்த மரத்திடமும் அந்தச் சரக்கு இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு மூலம் இருக்கிறது. கற்றாழை, ரணகள்ளி போன்ற சில செடிகள் பகலில் தண்ணீரை இழக்காமலிருக்க இலைத்துளைகளை இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து அமிலமாகச் சேமித்துக்கொள்ளும். பகலில் துளையை மூடிக்கொண்டு, சேமித்ததை வைத்து ஒளிச்சேர்க்கையை முடிக்கும். இரவில் கார்பன் டை ஆக்சைடை ‘எடுக்கிறது’ என்பதை யாரோ ஆக்சிஜன் ‘கொடுக்கிறது’ என்று மாற்றிவிட்டார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மதராஸ் மாகாணத்தில் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும், நடுப்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் சற்றே கசப்பதையும் கவனித்து எழுதினார். 1815ல் லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் அந்தக் கடிதம் வெளியானது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே செடிதான்.

பிள்ளைகளைச் சுவைக்க விடாதீர்கள், அதில் நச்சுப்பொருள்கள் உண்டு. விடியற்காலை பறித்த இலையையும் மாலையில் பறித்த இலையையும் தனித்தனியே நசுக்கி, செம்பருத்திப்பூ ஊறிய நீரில் சாற்றை விடட்டும். காலை இலையின் நிறம் சிவப்புப் பக்கம் சாயும்.

வேளச்சேரி அப்பா

செடிகள் உள்ளே வந்துவிட்டன. அம்மா இன்னும் முனி பக்கம்தான்.

வடசென்னை டீச்சர்

பசுங்கணிகம், நன்றி. தாத்தா ஐயா, எடைக் கேள்வியை நாளையே எடுக்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பகலில் சுவாசம் நடக்கிறது என்பதை நெருப்பில்லாமல் எப்படிக் காட்டுவது?

மயிலைத் தாத்தா

முளைகட்டிய பச்சைப்பயறும் வெற்றிலைச் சுண்ணாம்பும் போதும்.

சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால் இரவுக்குள் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடித்து எடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை நீங்களே செய்துவிடுங்கள். மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள் மூன்று. ஒன்றில் முளைப்பயறு, இன்னொன்றில் வேகவைத்து ஆறிய பயறு, மூன்றாவது காலி. ஒவ்வொன்றின் உள்ளேயும் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு நீர். இறுக மூடி, வெளிச்சத்திலேயே வையுங்கள். முளைப்பயறு விடும் கார்பன் டை ஆக்சைடால் அந்தப் போத்தலில் நீர் பால்போல் மாறும். காலிப் போத்தல் எதற்கென்றால், போத்தலுக்குள் அடைபட்ட காற்றிலும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதே, லேசான ஏடு படியும். அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். போத்தல்களைக் கழுவிவிடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். சென்னை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வேகவைத்த பயறு நாறத் தொடங்கும். அந்தப் போத்தலிலும் சுண்ணாம்பு நீர் வெளுக்கும். “சோதனை கெட்டுவிட்டது” என்று கத்துவார்கள். கெடவில்லை. செத்த பயறு சுவாசிக்காது என்றால் இப்போது சுவாசிப்பது யார்? பாக்டீரியா, பூஞ்சை. சிதைப்பவை என்று சூழல் மண்டலப் பாடத்தில் படம் போட்டு அம்புக்குறி வரைவதைவிட இந்த நாற்றம் அதிகம் சொல்லிக்கொடுக்கும். உங்கள் கயிறு இங்கேதான் கட்டப்படுகிறது, டீச்சர்: பயறு தன் உணவை உடைத்தாலும், பயற்றைப் பூஞ்சை உடைத்தாலும், வெளியே வருவது அதே வாயுதான்.

பெரம்பூர் ட்யூஷன்

ஐயா, குறுக்கிடுகிறேன். பயறு பச்சை இலை இல்லையே. “விதை சுவாசிக்கிறது, இலை பகலில் சுவாசிப்பதை இன்னும் காட்டவில்லை” என்று ஒரு பையன் சொன்னால்? என் வகுப்பில் அப்படிச் சொல்லக்கூடியவன் ஒருவன் இருக்கிறான்.

மயிலைத் தாத்தா

அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள்.

1779ல் இங்கன்ஹவுஸ் என்ற ஆய்வாளர் கண்டது இதைத்தான். பச்சைப் பகுதிகள் வெயிலில் காற்றை நல்லதாக்குகின்றன, இருளில் கெடுக்கின்றன; பூவும் வேரும் இரவு பகல் பாராமல் கெடுத்துக்கொண்டே இருக்கின்றன என்று எழுதினார். எனவே பயற்றுக்கு அடுத்தபடியாகச் செம்பருத்திப் பூக்களை ஒரு போத்தலில் நிரப்பி, வெளிச்சமான இடத்தில், வெயில் நேராகச் சுடாதபடி வையுங்கள். அதே செடி, அதே பகல், பூவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வருகிறது. பூவுக்கு மட்டும் உயிர்வாழ ஆற்றல் வேண்டும், பக்கத்து இலைக்கு வேண்டாமா என்று கேட்கலாம். முழு நிரூபணம் இல்லைதான். இலைக்குப் பசுங்கணிகம் வழி சொல்லட்டும்.

பசுங்கணிகம்

இலையில் கடினம் எதுவென்றால், வெயிலில் சுவாசம் வெளிவிடுவதை ஒளிச்சேர்க்கை அங்கேயே அள்ளிக்கொள்கிறது. வெளியே நாம் பார்ப்பது மிச்சத்தை மட்டும்தான். ஆகவே மிச்சம் எதுவும் இல்லாத ஒரு வெளிச்சத்தைத் தேட வேண்டும்.

கொளத்தூர் மீன் கடைகளில் வேலம்பாசி (ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி) கிடைக்கும். அங்கேயே மீன்தொட்டி நீருக்கான அமில-காரச் சோதனைக் குப்பி வாங்குங்கள். புரோமோதைமால் நீலம் உள்ளதாகப் பார்த்து. காரநீரில் நீலம், அமிலநீரில் மஞ்சள், நடுவில் பச்சை. கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய நீர் அமிலப் பக்கம் போகும், அது குறைந்தால் திரும்பி வரும். கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். போர் தண்ணீரில் எவ்வளவு ஊதினாலும் நிறம் லேசில் அசையாது. சில சொட்டு விட்டு, ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதினால் பச்சைக்கு வரும், அங்கே நிறுத்திவிடுங்கள். ஊதும்போது உறிஞ்சக்கூடாது என்று முன்கூட்டியே மிரட்டி வையுங்கள்.

பாசியுடன் மூன்று பாட்டில், பாசியில்லாமல் ஒன்று. முதலாவது வெயிலில்: நீலத்தை நோக்கிப் போகும். இரண்டாவது கறுப்புத்தாள் சுற்றி: மஞ்சளுக்குப் போகும். மூன்றாவது வராந்தாவின் உட்புற மங்கலில். இதை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் நிறம் அப்படியே நிற்கும். அதைக் காட்டி, “இங்கே பாசி என்ன செய்கிறது?” என்று கேளுங்கள். “ஒன்றும் செய்யவில்லை” என்பார்கள். தாளைச் சுற்றினால் மஞ்சளாகிறது, வெயிலில் வைத்தால் நீலமாகிறது. இடையில் செத்தா போயிற்று? இரண்டும் சம அளவில் நடக்கின்றன என்பதை அவர்களே சொல்ல வேண்டும். விடியலிலும் அந்தியிலும் ஒவ்வொரு செடியும் இந்தப் புள்ளியைக் கடந்துதான் போகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முயற்சி செய்யாதீர்கள். நவம்பர் வானத்தை நம்பி எந்தப் பாசியும் வேலை செய்யாது.

பெரம்பூர் ட்யூஷன்

இது எனக்கே புதிது. சம்பளம் வருகிற அன்றைக்கும் வீட்டில் செலவு நிற்பதில்லை. கையில் மிச்சமிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு இன்று செலவே இல்லை என்று சொல்லக்கூடாது. பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிக்கொள்கிறேன். டீச்சரின் மாணவி கேட்டதற்கும் இதுதானே பதில்? வெயிலில் வரவு அதிகம், மிஞ்சியது வெளியே வருகிறது.

வடசென்னை டீச்சர்

அதேதான் சார். எங்கள் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் வேறொரு கூட்டம், “அது தூங்குகிறது, ராத்திரியில் எதுவுமே செய்யாது” என்கிறது. அதற்கும் கறுப்புத்தாள் பாட்டிலைக் காட்டலாம்.

சதுப்புநிலவாசி

பறவை பார்க்கப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அடிக்கடி போகிறவன். சூழல் மண்டலத்துக்கு ஒரு கேள்வி தருகிறேன், ஏழாம் வகுப்புக்குத் தாராளமாகத் தாங்கும்: கழிவுநீர் கலந்து பாசி மண்டிய குளங்களில் மீன்கள் செத்து மிதப்பதை ஏன் பெரும்பாலும் விடிகாலையில் பார்க்கிறோம், மதியத்தில் ஏன் இல்லை?

பகலில் பாசி ஆக்சிஜனைக் கொட்டுகிறது. சூரியன் இறங்கியதும் வரவு நின்றுவிடும். பாசி, மீன், சேற்றிலுள்ள பாக்டீரியா எல்லாம் இரவு முழுக்கச் செலவழிக்கின்றன. சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் இருப்பு அடிமட்டத்தில் இருக்கும். நம் ஊர் வெப்பம் இதை மோசமாக்குகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும் நன்னீர், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். முதல் நாள் முழுக்க மேகமூட்டம் என்றால் இரவு தொடங்கும்போதே கையிருப்பு குறைவு.

ஆகாயத்தாமரை இன்னொரு வகை. பச்சைப்பசேலென்று மூடிக்கிடக்கும், பார்க்கிறவர்கள் ஆக்சிஜன் தொழிற்சாலை என்று நினைப்பார்கள். அதன் இலைகள் விடும் ஆக்சிஜன் காற்றில் போகிறது. கீழே நீருக்கு வெளிச்சமும் இல்லை. செத்த தழைகள் மூழ்கி அழுகும்போது இருப்பதையும் தின்றுவிடும். பள்ளிக்கரணை 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலேயே பெருங்குடி குப்பைக்கிடங்கு. சிதைவு என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் தேட வேண்டாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வேளச்சேரி அப்பா

மகளிடம் மீன் கேள்வியைக் கேட்டேன். “மதியம் வெயிலில் தண்ணீர் சூடாகும், அப்போதுதான் சாக வேண்டும்” என்றாள். பாசியை நினைவுபடுத்தியதும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, “அப்போ பாசி ராத்திரியில் எதிரியா?” என்றாள். பள்ளிச் சுவரில் ‘மரம் நடுவோம், ஆக்சிஜன் பெறுவோம்’ என்று எழுதியிருக்கிறதே, அதுவும் பொய்யா என்பது அடுத்த கேள்வி. அமேசான் காடு உலகின் நுரையீரல் என்கிறார்களே?

பசுங்கணிகம்

எதிரி எல்லாம் இல்லை, அதுவும் சாப்பிட வேண்டுமே.

நன்கு முதிர்ந்த காடு தான் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் தன் சுவாசத்துக்கும், உதிர்ந்த இலையும் கட்டையும் மட்குவதற்குமே செலவழித்துவிடும். அமேசானும் அப்படித்தான். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாக, மட்காமல் மண்ணுக்குள் புதைந்துபோன உயிர்ப்பொருள்களின் கணக்கில் மிஞ்சியது. சென்னையில் மரம் நட நிழல், குளிர்ச்சி, மழைநீர் மண்ணில் இறங்குவது என்று கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்களே போதும். சுவரை மாற்றி எழுதச் சொல்லித் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பெரம்பூர் ட்யூஷன்

உணவுச் சங்கிலிக்கு வருவோம். பத்து சதவீத விதி கட்டாயம் வரும். ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும்: புல்லுக்கு ஆயிரம், மானுக்கு நூறு, புலிக்குப் பத்து. இதையாவது விட்டுவைப்பீர்களா?

மயிலைத் தாத்தா

பாதி விட்டுவைக்கிறேன். லிண்டெமன் என்ற சூழலியலாளர் 1942ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து அது. அவர் ஆராய்ந்தது ஓர் ஏரியை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டம் என்று அவர் பத்தை நிறுவவில்லை. மாறக்கூடிய, தோராயமான எண் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் மதிப்பெண் குறையாது.

மீதித் தொண்ணூறு எங்கே என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். முளைப்பயற்றை தெர்மாஸ் குடுவையில் போட்டு, வாயில் பஞ்சடைத்துத் தெர்மாமீட்டர் சொருகினால் மறுநாள் சூடு ஏறியிருக்கும். அந்தத் தொண்ணூறில் பெரும்பங்கு இந்தச் சூடுதான். கார்பன் திரும்பத் திரும்பச் சுற்றி வரும், சூடு திரும்பி வராது. பொருளுக்கு வட்டமாகவும் ஆற்றலுக்கு ஒருவழி அம்பாகவும் படம் போடுவதன் காரணம் அங்கே கைக்குச் சுடும்.

புலியையும் மாற்றுங்கள். கிண்டி தேசியப் பூங்கா நம் ஊருக்குள்ளேயே சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் இருக்கிறது. புள்ளிமான் உண்டு, வெளிமான் உண்டு, நரி உண்டு. புலி இல்லை. அப்படியானால் கிழட்டு மான் செத்தால் அதிலிருக்கும் கார்பன் எங்கே போகிறது? மானே தின்னாமல் விட்ட புல்? கரையான், பூஞ்சை, பாக்டீரியா என்று வரவேண்டும். புல்–மான்–புலி என்று எழுதிப் பழகியவர்களுக்கு அங்கே கை நின்றுவிடும்.

வடசென்னை டீச்சர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எடைக் கேள்விக்கு ஒரு பாடவேளை என்று நினைத்தது இரண்டாகிவிட்டது. காற்றுக்கு எடை உண்டு என்பதையே பாதிப்பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊதிய பலூனையும் ஊதாத பலூனையும் குச்சியில் கட்டித் தொங்கவிட்டுப் பஞ்சாயத்து முடிந்தது. வேகவைத்த பயறு மூன்றாம் நாள் நாறியபோது, தாத்தா ஐயா சொன்னதுபோலவே கூச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து ஜன்னலை மூடச் சொன்னார்.

மங்கல் பாட்டிலுக்குச் சரியான இடம் கிடைக்கத்தான் நேரமாயிற்று. மாடிப்படிக்குக் கீழே கிடைத்தது. “இரண்டும் நடக்கிறது டீச்சர், அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை” என்று சொன்னது கடைசி பெஞ்சுப் பையன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிறுதேர்வில் மீன் கேள்வியைக் கேட்டதில் கணிசமானவர்கள் பாசியின் இரவுச் சுவாசத்தைக் குறிப்பிட்டார்கள். சிலர் “இரவில்தான் சுவாசம், ஆகவே இரவில்தான் மீன் சாகிறது” என்று பழைய பல்லவியையே சரியான விடைபோல எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவர்களைப் பிரித்துக்காட்டவில்லை. வேறு கேள்வி வேண்டும்.

மயிலைத் தாத்தா

இதைக் கொடுத்துப் பாருங்கள்: “நல்ல வெயிலில் ஒரு செடி ஒரு மணிநேரத்தில் 12 பங்கு ஆக்சிஜனை உண்டாக்குகிறது. வெளியே வருவது 10 பங்கு. மீதி எங்கே? அதே செடியை இருளில் வைத்தால் காற்றிலிருந்து எவ்வளவு எடுக்கும்?” எண்கள் கற்பனை என்று மேலேயே போட்டுவிடுங்கள், சுவாச வேகம் மாறவில்லை என்று கொள்க என்றும் சேர்த்துவிடுங்கள். பகலில் சுவாசமில்லை என்று நினைப்பவன் முதல் பகுதியிலேயே மாட்டிக்கொள்வான்.

பெரம்பூர் ட்யூஷன்

இதை என் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். அட்டவணையும் எழுதத்தான் சொல்வேன். தலைப்பில் மட்டும் ‘பகலில் இரண்டும் நடக்கும்’ என்று ஒரு வரி கூடும். போத்தல் சோதனையை சனிக்கிழமை வீட்டு மாடியில் வைக்கிறேன். மீந்த சுண்ணாம்பு நீரை மறுவாரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா ஐயா?

மயிலைத் தாத்தா

கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடினால் வைக்கலாம். மேலே வெள்ளை ஏடு படிந்திருந்தால் மறுபடி வடிகட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவில் லேசாக ஊதிப் பார்த்து வெளுக்கவில்லை என்றால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.